செல்லம்மாவுக்கு ஆயில் மாற்றியாச்சா?

கேள்வி: எங்கள் பழைய மாருதி 800-க்கு என் மனைவி 'செல்லம்மா' என்று பெயர் வைத்திருக்கிறாள். இரும்புக்கு எதற்கு சார் பெயர்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: பேஷாக வைக்கட்டும்! நோபல் பரிசு வாங்கிய கையே செய்த காரியம்தான் இது. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-ல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியபோது அவருக்கு வயது 58. பின்பக்கம் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் வைத்துக் கட்டிய பச்சை நிற டிரக். துணைக்குச் சார்லி என்கிற பூடில் நாய். டிரக்குக்கு, ஸ்பானிய நாவல் நாயகன் டான் கிஹோட்டேயின் நோஞ்சான் குதிரையான 'ரோசினாந்தே'யின் பெயரைச் சூட்டி, பழங்கால ஸ்பானிய எழுத்தில் வண்டியின் பக்கவாட்டிலேயே எழுதியும் வைத்தார். இன்றைக்கும் கலிஃபோர்னியாவில், சாலினாஸ் நகரில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் அந்த டிரக் கம்பீரமாக நிற்கிறது. பெயரில்லாத டிரக்குகள் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

சே குவேராவும் நண்பர் கிரனாடோவும் 1952-ல் தென் அமெரிக்காவைச் சுற்றிய நார்ட்டன் மோட்டார் சைக்கிளுக்கு 'லா போதரோசா', அதாவது 'வல்லமைக்காரி' என்று பெயர். சிலி நாட்டில் படுத்துவிட்டாள், பாவம்! ஆனால் அதுவரை எத்தனை முறை விழுந்தாலும் கம்பி வைத்துக் கட்டிக் கட்டி ஓட்டினார்கள். பெயர் வைத்துவிட்டால் லேசில் கைவிட மனசு வருமா?

மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. செல்லம்மாவுக்குத் தங்கச்சி கிடைக்கப் போவதில்லை. நாளைக்கே ஆயில் மாற்றிவிடுங்கள். டயரில் காற்றையும் பாருங்கள்.