மீதியை எங்கே காண்பது?

மதுரை தங்கம் தியேட்டர் 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்தது, 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். அத்தனையையும் நிரப்ப அப்போது இருந்தவை சுவரொட்டி, ஒலிபெருக்கி வண்டி, நோட்டீஸ். பாட்டுப் புத்தகமோ கதையைப் பாதிவரை சொல்லி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று வாயை மூடிக்கொள்ளும்.

இன்றைய டீசருக்கும் அந்த அடக்கம் கொஞ்சம் உண்டு. ஒரு நிமிடம், புகை, முதுகு காட்டி நிற்கும் நாயகன், ஓர் அரிவாள், பின்னால் மீனாட்சியம்மன் கோபுரம். ஊர் மதுரை என்று புரியும், வேறெதுவும் புரியாது. ட்ரெய்லருக்கோ தாராள மனசு. காதலி, தங்கச்சி, துரோகம், இடைவேளைத் திருப்பம் என இரண்டரை நிமிடத்தில் பந்தி பரிமாறி, இலையையும் மடிக்கச் சொல்லிவிடும்.

தியேட்டரில் போடும் ட்ரெய்லருக்குத் தணிக்கைச் சான்று வேண்டும்; ரசிகருக்கு எந்தச் சான்றும் வேண்டாம். 2023 அக்டோபரில் ‘லியோ’ ட்ரெய்லர் திரையிட்டபோதே சென்னை ரோகிணி தியேட்டரில் இருக்கைகள் நொறுங்கின. படம் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

ஆகவே, டீசர் பார்த்தவர்கள் டிக்கெட் எடுங்கள். ட்ரெய்லரை முழுசாகப் பார்த்தவர்கள் பாப்கார்ன் மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.