100, மவுன்ட் ரோடு

கணித மேதை ராமானுஜனை ஆர்க்டிக் கடலில் தள்ளியவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு மனுப் போட்டபோது அவர் கொடுத்திருந்த முகவரி ‘7, சம்மர் ஹவுஸ், திருவல்லிக்கேணி’. அந்த இடத்தைக் கணினி வரைபடத்தில் ஏற்றும்போது அட்சரேகைக் கட்டத்தில் தீர்க்கரேகையையும், தீர்க்கரேகைக் கட்டத்தில் அட்சரேகையையும் போட்டுவிட்டேன். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கு, 80 டிகிரி கிழக்கு. தலைகீழாக்கினால் 80 டிகிரி வடக்கு, 13 டிகிரி கிழக்கு. அங்கே நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் முடிந்து பனிக்கடல் தொடங்குகிறது. சம்மர் ஹவுஸ்காரருக்கு இப்படி ஒரு கதி.

எங்கள் குடியிருப்பில் ஆகஸ்ட் 22 சென்னை தினத்துக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று பேச்சு வந்தபோது, நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் பெரியவர்கள் எங்கெங்கே குடியிருந்தார்கள், எந்தெந்தப் பத்திரிகை எங்கிருந்து வந்தது என்று ஒரு வரைபடம் போட்டுத் தருவதாக வாயை விட்டுவிட்டேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லெட்ஜரில் பைசா பிசகாதவன் என்று பெயர் வாங்கியவன். முகவரியும் எண்தானே என்று ஒரு மிதப்பு. அக்கா மகன் வந்து கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றிக் கொடுத்துவிட்டு, “மாமா, ரொம்ப ஈஸி” என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு அவன் போனை எடுக்கவில்லை.

முதலில் முகவரிகளை எல்லாம் அட்டவணையில் தட்டினேன். பழைய சென்னையில் கதவு எண்ணுக்கு நடுவே ஒரு சாய்கோடு வரும், ஐந்தின் கீழ் இரண்டு, பன்னிரண்டின் கீழ் மூன்று என்று. அட்டவணை மென்பொருளுக்கு அது பிடிபடவில்லை. 5/2 என்று தட்டினால் பிப்ரவரி 5 என்று மாற்றிக்கொண்டது. ஜார்ஜ் டவுனில் 15/8 என்ற வீடு சுதந்திர தினமாகிவிட்டது. நான் அதைக் கவனிக்காமல் ‘சேமி’ பொத்தானை அழுத்திவிட்டு, படித்த மனிதன் மாதிரி காபி குடிக்கப் போனேன்.

அடுத்தது பாரதி. அவர் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வாரப் பத்திரிகை 1906-இல் பிராட்வேயிலிருந்து வெளிவந்தது. இன்று அந்தத் தெரு பிரகாசம் சாலை. முகவரியைக் கொடுத்தால் தானே இடம் தேடித் தரும் வசதி ஒன்று இருக்கிறது. அதில் ‘பிராட்வே’ என்று மட்டும் கொடுத்தேன். பாரதி நியூயார்க்கில் இறங்கினார். சரி, ஊர்ப் பெயரையும் சேர்ப்போம் என்று ‘மெட்ராஸ்’ போட்டால், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறதாம், அங்கே கூட்டிக்கொண்டு போனது. பாண்டிச்சேரிக்குப் போனதற்கே அவ்வளவு பாடுபட்டவர்.

பெயர் மாறிய தெருக்கள் எனக்குத் தொல்லை தரவில்லை. மவுப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை, எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை, பைகிராஃப்ட்ஸ் ரோடு பாரதி சாலை. இதெல்லாம் என் வயதுக்காரர்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். நான் கவிழ்ந்தது எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்த இடங்களில்.

உதாரணம், கலங்கரை விளக்கம். பழைய அட்லஸ் ஒன்றிலிருந்த சென்னை வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்த வேண்டும். இரண்டிலும் உள்ள ஒரே இடத்தைத் தொட்டுத் தொட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம், பார்த்தசாரதி கோயில் குளம், கபாலீஸ்வரர் கோயில் குளம் என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். அட்லஸில் ‘லைட் ஹவுஸ்’ என்று கண்ணில் பட்டது. லைட் ஹவுஸ் தெரியாதா எனக்கு? பஸ்ஸில் எத்தனை முறை அந்த ஸ்டாப்பில் இறங்கியிருப்பேன்! மெரினாவின் தென்கோடியில் உள்ள சிவப்பு வெள்ளைக் கோபுரத்தோடு முடிச்சைப் போட்டேன்.

மெரினா கோபுரம் வந்தது 1977-இல். அதற்கு முன் விளக்கு எரிந்தது உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில், 1894 முதல். அதற்கும் முன்னால், 1844-இல் கட்டிய கல் தூணில். அது இன்னும் உயர்நீதிமன்ற வளாகத்திலேயே நிற்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருந்த விளக்கை நான் தெற்கே இழுத்துக் கட்டியதில், வெயிலில் முறுக்கிக்கொண்ட அப்பளம் மாதிரி மொத்த வரைபடமும் வளைந்துவிட்டது. பின்னால் நின்று பார்த்த மனைவி, “என்னங்க, ஹைகோர்ட் மயிலாப்பூருக்கே வந்துடுச்சா?” என்றாள். “நீ சும்மா இரு, பிழை பூஜ்யம்னு மெஷினே சொல்லுது” என்றேன்.

அது உண்மைதான். பிழை பூஜ்யம் என்றுதான் காட்டியது. நான் தேர்ந்தெடுத்திருந்த முறைக்குத் தின் பிளேட் ஸ்ப்ளைன் என்று பெயர். படத்தை எப்படி முறுக்கியாவது எல்லா முடிச்சுகளையும் சரியாக உட்கார வைத்துவிடும். முடிச்சு தப்பென்றாலும் உட்கார வைக்கும். ஆகவே பிழை எப்போதும் பூஜ்யம். முப்பது வருஷமாக வித்தியாசம் இல்லாத ஐந்தொகையைக் கண்டு உச்சி குளிர்ந்தவனுக்கு, அந்தப் பூஜ்யத்தைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. பிறகு கலங்கரை விளக்கத்தை நீக்கிவிட்டு, புத்திசாலித்தனமாகக் கடற்கரையைப் பிடித்துக்கொண்டேன். கடல் எங்கே போய்விடப் போகிறது? போயிருக்கிறது. துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து, கடல் வெகுதூரம் விலகியிருக்கிறது. பழைய கரையும் புதிய கரையும் ஒன்றில்லை.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ராமானுஜன் பனிக்கடலில் கிடந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது, தூக்கி வந்து கரை சேர்த்துவிடலாம். சரியான இடம் போலவே தோன்றும் தப்பான இடத்தில் போய் உட்காரும் புள்ளிதான் ஆளைக் கவிழ்க்கிறது. என்னை அப்படிக் கவிழ்த்தது ‘தி இந்து’வின் பழைய அலுவலகம்.

1883 டிசம்பரில் அந்தப் பத்திரிகை குடிபோன முகவரி 100, மவுன்ட் ரோடு. அதே சாலையில் 1939 முதல் அவர்கள் இருக்கும் கஸ்தூரி பில்டிங்ஸின் எண் 859, 860. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் பழைய எண் 814. இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாமே! ஹிக்கின்பாதம்ஸிலிருந்து இந்து வரை தூரத்தை அளந்தேன், நடுவில் உள்ள கதவு எண்களால் வகுத்தேன், ஒரு கதவுக்கு இத்தனை மீட்டர் என்று வைத்துக்கொண்டு 100 வரை பின்னோக்கிப் போனேன். சைதாப்பேட்டை போயிற்று, கிண்டி போயிற்று, புள்ளி பரங்கிமலையடியில் போய் நின்றது. மவுன்ட் ரோடு அல்லவா, மவுன்ட்டுக்கே போய்விட்டது.

அதை நம்புமளவுக்கு நான் மோசமில்லை. ஆனால் அடுத்து செய்தது அதைவிட மோசம். மவுன்ட் ரோடுதான் இப்போது அண்ணா சாலை. இன்றைய ‘100, அண்ணா சாலை’ எங்கே என்று தேடினேன். ஹிக்கின்பாதம்ஸின் இன்றைய எண் 116. அப்படியானால் 100 அதிலிருந்து கூப்பிடு தூரம். பத்திரிகை ஆபீசுக்குப் பக்கத்தில் புத்தகக் கடை, எவ்வளவு பொருத்தம்! மனம் நிறைந்து புள்ளி வைத்தேன். ஒரு வாரம் போல அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திடீரென்று உறைத்தது. 814 எப்படி 116 ஆனது? சென்னையில் பாதி வாசல்களில் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டும் எழுதியிருக்கிறதே, அதே கதைதான். இன்றைய 100-க்கும் 1883-இன் 100-க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மொட்டையாக ஒரு நூறு வந்ததும் வேறொரு நூறோடு முடிச்சுப் போட்டுவிட்டேன்.

இதில் வேடிக்கை, அந்தப் புள்ளிக்கு மென்பொருள் ஆறு தசம இலக்கம் காட்டியதுதான். ஆறாவது தசமம் என்றால் சுமார் 11 சென்டிமீட்டர். எந்தக் கட்டடம் என்றே தெரியாத எனக்கு, எந்தக் கதவின் எந்தத் தாழ்ப்பாள் என்பதுவரை துல்லியம்.

கடைசியில் நேர்மையாக நடந்துகொள்வது என்று முடிவு செய்தேன். இடம் உறுதியாகத் தெரியாத முகவரிக்குப் புள்ளி கிடையாது. சம்மர் ஹவுஸுக்குத் திருவல்லிக்கேணியில் மங்கலாக ஒரு வட்டம். ராமானுஜன் 1920-இல் கண்மூடிய சேத்துப்பட்டு ‘கோமேத்ரா’ பங்களாவுக்கு எண்ணே தெரியவில்லை, வீட்டுப் பெயரும் ஹாரிங்டன் ரோடும்தான். அதற்கும் அந்தச் சாலையோரம் ஒரு பட்டை. 100, மவுன்ட் ரோட்டுக்குச் சாலையின் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. ‘இதற்குள் எங்கோ’ என்று பொருள். கோப்பை ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பினேன்.

பேனர் வந்தது. வட்டமும் பட்டையும் இருந்தன, கோட்டைக் காணோம். கடைக்குப் போன் செய்தேன். “சார், ரோடு மேல அழுக்கு மாதிரி ஒரு கோடு இருந்துச்சு, கிளீன் பண்ணிட்டேன். பழைய ஃபைல்ல ஒரு புள்ளி இருந்துச்சே, அதையே வச்சுட்டேன். நல்லா வந்திருக்கா?” என்றான் டிசைன் பையன். ஹிக்கின்பாதம்ஸ் பக்கத்தில், பளிச்சென்று சிவப்பில் வந்திருந்தது. நல்லா வந்திருக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். முழுப் பணமும் முன்னாடியே கொடுத்தாகிவிட்டது.