சாவி யாரிடம்?

அனுப்புநர்: ஊர் உடற்பயிற்சிக் கூடத்தின் நீண்டநாள் உறுப்பினர், முகையூர் ஒன்றியம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்: கிராமத்து உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள் (எந்தத் துறையாக இருந்தாலும்), சென்னை.

பொருள்: விளையாட்டு – கிராம ஊராட்சிகள் – பூட்டைத் திறக்க ஆள் நியமனம் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

‘எந்தத் துறையாக இருந்தாலும்’ என்று எழுதியது மரியாதைக் குறைவால் அல்ல. கூடத்தைக் கட்டித் தருவது ஊரக வளர்ச்சித் துறை. பந்தும் வலையும் அனுப்புவது விளையாட்டுத் துறை. ஓடு உடைந்தால் மாற்ற வேண்டியது ஊராட்சி. கல்யாண வீட்டில் மூன்று பெரியப்பாக்கள் இருந்தும் பந்திக்கு இலை போட ஆளில்லாத நிலை. ‘நீண்டநாள் உறுப்பினர்’ என்ற பட்டத்துக்கும் விளக்கம் தேவைப்படும். கிராமத்துக் கூடத்தில் உறுப்பினராகச் சந்தா கட்ட வேண்டியதில்லை, அடையாள அட்டையும் இல்லை. சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர் சாதாரண உறுப்பினர். அவர் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்பதும் தெரிந்தவர் நீண்டநாள் உறுப்பினர்.

அரசு எங்களுக்கு எதுவும் தரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அண்ணா பெயரிலான மறுமலர்ச்சித் திட்டம் 2006 முதல் ஐந்தாண்டுகளில் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டு மைதானமும் தந்தது. 2016இல் சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் 500 ஊர்களுக்கு அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் அறிவிக்கப்பட்டன. பூங்கா ஒன்றுக்கு 20 லட்சம், கூடம் ஒன்றுக்கு 10 லட்சம், ஆக மொத்தம் 150 கோடி. 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024இல் கலைஞர் பெயரில் 33 வகை விளையாட்டு உபகரணங்கள் எல்லா ஊராட்சிகளுக்கும் புறப்பட்டன. அண்ணாவும் அம்மாவும் கலைஞரும் சேர்ந்து ஊருக்குள் வந்த பிறகும் கூடத்தைத் திறக்க ஒருவர் வரவில்லை என்பதுதான் என் ஒரே குறை. இந்தத் திட்டங்களில் சிமெண்டுக்குப் பணம் உண்டு, இரும்புக்குப் பணம் உண்டு, பெயர்ப் பலகைக்கும் உண்டு. காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து, டம்பெல்லைத் தூக்கும் பையனுக்கு முதுகை நிமிர்த்தச் சொல்லி, ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டுப் போக மாதச் சம்பளத்தில் ஓர் ஆளை எந்தத் திட்டமும் தரவில்லை.

சிறு விளையாட்டரங்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொகுதிக்கு ஒன்று, தலா 3 கோடி என்று 2022இல் அறிவித்தீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் முகையூருக்குத் தொகுதியே இல்லை. முன்பு இருந்தது. 2006 தேர்தலோடு சரி. 2008 தொகுதி மறுவரையறையில் கரைந்து திருக்கோவிலூரில் சேர்ந்துவிட்டது. பிறகு 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் அந்தப் பக்கம் போனது, முகையூர் ஒன்றியம் விழுப்புரத்திலேயே நின்றது. ஆகவே எங்கள் தொகுதியின் தலைமை ஊர் ஒரு மாவட்டத்தில், நாங்கள் இன்னொன்றில். அரங்கம் எங்கே என்று கேட்பதற்கே இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கு நடக்கலாம். அந்த நடையை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை.

நான் கேட்பது புதுமையும் அல்ல. இந்த மாநிலத்தில் நிலைத்து நின்ற நலத்திட்டம் எதை எடுத்தாலும் அதன் நடுவில் ஓர் ஆள் இருப்பார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அரிசி மூட்டையை மட்டும் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவவில்லை. மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் வந்தார்கள். அண்டாவைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளே பொங்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் அண்டா இன்று எந்தத் திண்ணைக்கு அடியில் கிடக்கும்? நூலகமும் அப்படித்தான். 1948இலேயே சட்டம் வந்தது; வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது, இன்று ரூபாய்க்கு 10 பைசா. அதனால்தான் நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகம் எவ்வளவு ஒடுங்கியிருந்தாலும் நேரத்துக்குத் திறக்கிறது. மறுமலர்ச்சித் திட்டத்தின் நூலகமும் பூட்டித்தானே கிடக்கிறது என்று கேட்பீர்கள். உண்மை. அங்கே இருந்தவருக்குத் தந்தது டீச்செலவுக்குக் காணாத மதிப்பூதியம். கட்டடம் கட்டியதற்கும் ஆளை வைத்ததற்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஊரின் இரண்டு நூலகங்களில் தெரியும்.

அரசியலமைப்பும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. ஊராட்சிகளுக்கென 11ஆம் அட்டவணை அடுக்கும் 29 பொருள்களில் நூலகம் உண்டு, சந்தை உண்டு, மீன்வளம்கூட உண்டு. விளையாட்டு இல்லை. நகரங்களுக்கான 12ஆம் அட்டவணையிலோ பூங்காவும் விளையாட்டுத் திடலும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. விளையாடுவது பட்டணத்துப் பிள்ளைகள் என்று 1992இலேயே முடிவாகிவிட்டது போலும். கிராமத்துக்கு 29ஆவதாகக் கிடைத்தது ‘சமுதாயச் சொத்துகளைப் பராமரித்தல்’. அதாவது விளையாட வேண்டாம், துருவை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாற்று நடுகிறவர்களுக்கு டம்பெல் எதற்கு என்று சென்னையில் யாராவது சிரிக்கக்கூடும். இப்போது நடுவதும் அறுப்பதும் பெரும்பாலும் இயந்திரம். இளைஞர்கள் பைக்கில் போய்க் கம்பெனி வேலை பார்க்கிறார்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அது நகர எல்லையில் திரும்பிப் போகிற நோயல்ல. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கொண்டுவர ஊதியம் பெறும் பெண்கள் இருப்பதால்தான் அது வந்து சேர்கிறது. மாத்திரைக்கு ஆள் உண்டு, மாத்திரை வராமல் தடுக்கக்கூடிய இடத்துக்கு ஆள் இல்லை.

திறந்து வைத்தால் உடைத்துவிடுவார்கள், திருடிவிடுவார்கள் என்பது அடுத்த பேச்சு. பூட்டி வைத்த கம்பியும் துருப்பிடிக்கிறது. திருடன் எடுத்தால் குறைந்தபட்சம் ஒருவராவது பயன்படுத்துவார். பெண்களின் நிலை இன்னும் மோசம். ஆண்கள் கையில் இருக்கும் சாவியைக் கேட்டு வாங்கி விடிகாலையில் கூடத்துக்குள் போக எந்த வீட்டு மருமகளால் முடியும்? ஓட்டப்பந்தயத்தில் மெடல் வாங்கிய பெண்ணும் கல்யாணத்துக்குப் பிறகு வெறும் பார்வையாளர்தான்.

பணம்தான் கனமான தடை. கணக்குப் போட்டுவிடலாம். ஊராட்சிகள் சுமார் 12,500. ஊருக்கு ஒருவர், காலையும் மாலையும் சில மணி நேரம், மாதம் 5,000 ரூபாய் என்றால் ஆண்டுக்குச் சுமார் 75 கோடி. அதாவது 2016இல் அறிவித்த பூங்கா, கூடம் எல்லாவற்றின் தொகையில் சரிபாதி. சம்பளம் வருடாவருடம் தர வேண்டுமே, கட்டடம் ஒருமுறைதானே என்று நிதித்துறை சொல்லும். சரியான பேச்சு. பயன் வருடாவருடம் வர வேண்டுமென்றால் செலவும் அப்படித்தான் வரும். முழு மாநிலமும் ஒரேயடியாக முடியாவிட்டால், கூடம் ஏற்கெனவே கட்டிய ஊர்களில் தொடங்குங்கள். அடுத்த உபகரணப் பெட்டியை அனுப்பும் முன் ஒரு வருடம் பொறுங்கள். அந்தப் பணத்தில் உள்ளூர்ப் பெண் ஒருவரையும் ஆண் ஒருவரையும் வேளை பிரித்து அமர்த்துங்கள், சாவியை அவர்கள் கையில் கொடுங்கள். அந்தத் திட்டத்துக்கு எந்தத் தலைவர் பெயரை வைத்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நீண்டநாள் உறுப்பினர்.

நகல்: ஊராட்சி மன்ற அலுவலகம் (திறந்திருக்கும் நேரத்தில் நேரில் தரப்படும்).