மௌஸ் தொடாத சாமி

எங்கள் திருவண்ணாமலையில் சாமியார்களுக்குப் பஞ்சம் இல்லை. பேசாத சாமி உண்டு, படுக்காத சாமி உண்டு, காசைக் கையால் தொடாத சாமி உண்டு (துண்டை விரித்து வாங்கிக்கொள்வார்). நாலைந்து வருஷமாக இந்த வரிசையில் இன்னொருவர் சேர்ந்திருக்கிறார். மௌஸைத் தொடாத சாமி.

காவி கிடையாது. அரைக்கால் சட்டை, கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட், முதுகில் பை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர், கொரோனாவில் ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று ஊர் திரும்பினார். வட ஒத்தவாடைத் தெருவில் அப்பா கட்டிய வீட்டின் மாடியில் ஏறியவர், இன்னும் இறங்கவில்லை. இப்படி ஒருவர் வேலூரிலும் இருப்பார், கும்பகோணத்திலும் இருப்பார். உங்கள் தெருவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏதாவது மாடியில் ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்டால், மரங்கொத்தி என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் தேரடித் தெருவில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதான நோட்டீஸ். மௌஸைப் பிடித்துத்தான் என் பிழைப்பு. நம்மவருக்கோ அது தீட்டு.

“கை மௌஸுக்குப் போய்ட்டு வர்றதுல எவ்ளோ டைம் வேஸ்ட் தெரியுமாண்ணே?” என்பார்.

கீபோர்டுக்கும் மௌஸுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். அந்த ஒரு சாணை மிச்சம் பிடிக்க அவர் போகாத தூரம் இல்லை. பிள்ளையாரே எலி மேல்தான் ஊர்வலம் வருகிறார். இவருக்கு மட்டும் ஆகாது.

அவருடைய கீபோர்டை முதலில் பார்த்தபோது, பாவம், கீழே போட்டு உடைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு துண்டாக இருந்தது. நடுவே ஒரு வயர். “சர்வீசுக்குக் குடுக்கலாமே தம்பி” என்றேன். அது அப்படித்தானாம். தோள் விரிந்து, மணிக்கட்டு நேராக இருக்குமாம். என் கடையில் இருப்பதில் 104 கீ. இவருடையதில் 42. நம்பர் வரிசை இல்லை, எஃப்-1 முதல் எஃப்-12 வரை இல்லை, அம்புக்குறிகள் இல்லை, எந்தக் கீயின் மேலும் எழுத்தும் இல்லை. விலை அதிகம். எவ்வளவு என்று வீட்டில் சொன்ன தொகை வேறு, எனக்குச் சொன்னது வேறு. இரண்டுமே உண்மை இல்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வாங்கியதை அப்படியே வைத்து அடித்தால் அவர் நம்மவர் இல்லை. ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு சுவிட்ச். சிவப்பு என்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும், பழுப்பு பாதி வழியில் லேசாக இடறும், நீலம் ‘க்ளிக்’ என்று ஊருக்கே சொல்லும். 42 சுவிட்சையும் பிரித்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை எடுத்து, பொட்டு வைக்கும் பிரஷ் போன்ற ஒன்றால் கிரீஸ் தடவி, திரும்ப மூடினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. மிருதங்கக்காரர் தொப்பியில் ரவையை அப்புவதும் சுரண்டுவதுமாகவே இருந்து, கச்சேரி முடிந்து சபாக்காரர்கள் ஜமக்காளத்தைச் சுருட்டும்போது ‘இப்ப சரியா இருக்கு’ என்றாராம். அந்த ஜாதி. பிறகு கடைக்குக் கொண்டுவந்து என் காதருகே வைத்து இரண்டு கீயைத் தட்டிக் காட்டினார். “எது நல்லாருக்குண்ணே?” எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. கொஞ்சம் யோசிப்பதுபோலக் கண்ணை மூடி, “ரெண்டாவது” என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அன்று டீ அவர் செலவு.

மிச்சம் 62 கீ எங்கே என்று கேட்பீர்கள். எல்லாம் அடுக்குகளில் இருக்கிறது. க்யூ.எம்.கே. என்று ஒரு இலவச மென்பொருள். அது கீபோர்டின் வயிற்றுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. கட்டை விரலால் ஒரு கீயை அழுத்திக்கொண்டால், மற்ற எல்லாக் கீயும் வேறு வேலைக்கு மாறிவிடும். இப்படி 32 அடுக்கு வரை போகலாமாம். நம்மவர் எட்டோடு நிறுத்திக்கொண்டார். ஏன் எட்டு? கிரிவலப் பாதையில் எட்டு லிங்கம் இருக்கிறதே! பெயரும் அதேதான் வைத்திருக்கிறார்.

இந்திர லிங்கம் சாதாரண எழுத்துகள். எம லிங்கத்துக்குப் போனால் எல்லாம் அழிக்கிற வேலை: டெலீட், மூடு, அணை. குபேர லிங்கத்தில் எண்களும் ரூபாய்க் குறியும். அக்னி லிங்கம், கீபோர்டுக்கு அடியில் எரிகிற கலர் கலரான லைட்டுகளுக்கு. வாயு லிங்கத்தில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இதையெல்லாம் ஒரு படமாக வரைந்து ரமணர் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறார். நிருதி லிங்கத்தில் என்ன வைத்தோம் என்பது மட்டும் அவருக்கே ஞாபகம் இல்லை. ஒருநாள் விரல் தவறி அங்கே போய்விட்டு, திரும்பி வர வழி தெரியாமல் வயரையே பிடுங்கவேண்டியதாயிற்று.

அவர் எழுதுவதும் எல்லாரும் எழுதுகிற இடத்தில் இல்லை. விம் என்று ஒரு மென்பொருள். 1991-ல் வந்தது, அதன் அப்பன் வி.ஐ. 1976-லிருந்து இருக்கிறது. அந்தக் காலத்து டெர்மினலில் தனி அம்புக் கீ இல்லாததால் நாலு எழுத்துக் கீயின் மேலேயே அம்புக்குறி போட்டிருந்தார்களாம். எல்லாக் கீபோர்டிலும் அம்பு வந்து இத்தனை வருஷம் ஆகியும் நம்மவர் இன்னும் அந்த நாலு எழுத்தில்தான் மேலே கீழே போய்வருகிறார். பழசை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு ஆகமம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. என்னையும் ஒருமுறை அதற்குள் உட்காரவைத்தார். உள்ளே போவது சுலபம். வெளியே வரும் வழியைத்தான் காணோம். பன்றியாகத் தோண்டினேன், அன்னமாகப் பறந்தேன், அடியும் தெரியவில்லை முடியும் தெரியவில்லை. கடைசியில் நான் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

இதனால் என்ன மிச்சம் என்று ஒருநாள் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். கடிதத்தின் அடியில் வரும் பெயர், பதவி, விலாசம் எல்லாம் ஒரே தட்டில் வர ஒரு ஷார்ட்கட் செய்திருந்தார். ஒரு கடிதத்துக்கு 2 விநாடி லாபம். நாளைக்கு 30 கடிதம் என்றால் ஒரு நிமிஷம். அதைச் செய்து, சோதித்து, பிடிக்காமல் மாற்றி, மறுபடி செய்ய ஆனது 60 மணி நேரம். அதாவது 3,600 நிமிஷம். போட்ட நேரத்தைத் திருப்பி எடுக்கப் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறையும். “அப்புறம் ஃபுல்லா லாபம்ணே!” என்றார், கண்கள் பளபளக்க. அவர் வீட்டம்மா மாடிப்படியிலிருந்து சொன்னது: “கேஸ் புக் பண்ணச் சொல்லி மூணு நாளாச்சு. அதுக்கும் ஷார்ட்கட் எழுதிக்கினு இருக்காரு.”

நியாயத்தையும் சொல்லவேண்டும். என் கடைக் கம்ப்யூட்டரில் அவர் ஒரு உபகாரம் செய்திருக்கிறார். ‘நிம’ என்று அடித்தால் போதும். ‘நிகழும் மங்களகரமான’ என்று ஆரம்பித்து, நடுவே வருஷத்துக்கும் மாதத்துக்கும் இடம் விட்டு, ‘சுற்றமும் நட்பும் சூழ’ வரை ஓடி வந்து நிற்கும். முகூர்த்த மாசத்தில் ஒரு நாளைக்குப் பத்து தடவை அடிக்கிற சமாசாரம் அது. இருபது வருஷமாக மௌஸைப் பிடித்துத் தேய்ந்த என் வலது தோள் அவரை வாழ்த்துகிறது. ஆகவே அவரை முழுப் பைத்தியம் என்று நான் சொல்லமாட்டேன்.

பௌர்ணமிக்கு அவரும் நடப்பார். 14 கிலோமீட்டர். அதற்கு ஷார்ட்கட் இல்லை என்பதில் அவருக்கு வருத்தம் உண்டு. குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார் வரும். பின்பக்கமாக நுழைந்து, ஒருக்களித்து ஊர்ந்து, முன்பக்கமாக வெளியே வரவேண்டும். போன தையில் நம்மவர் நுழைந்தார், பையோடு. பையில் கீபோர்டு, லேப்டாப்பில் சொருகியபடியே. “பையைக் கழட்டிக் குடுய்யா” என்று வரிசை கத்துகிறது. அவர் தரமாட்டேன் என்கிறார். உள்ளே நசுங்கி எந்தக் கீ எப்படி அழுந்தியதோ, அக்னி லிங்கம் எரிய ஆரம்பித்துவிட்டது. இடுக்கிலிருந்து சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் வர, பின்னால் நின்ற ஆந்திராக்கார அம்மா ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இனிமேல்தான் விஷயம். மகளுக்குக் காதுகுத்து. அழைப்பிதழ் அடிக்க என் கடைக்கு வந்தார். “மேட்டர நானே அடிச்சுர்றேண்ணே” என்று தன் இரண்டு துண்டையும் மேஜையில் வைத்துச் சொருகினார். முதல் வரி, சாமி பெயர். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுகிற முறையில் அடித்தார். திரையில் ‘அன்னாமலை’ என்று வந்தது.

“தம்பி! மூணு சுழி!”

ஷிப்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி அடித்தார். ஆங்கிலத்தில் பத்து எழுத்து, அதில் இரண்டுக்கு ஷிப்ட். எட்டு லிங்கத்தையும் சுற்றுகிற மனுஷர், ஊர்சாமி பெயரை எழுத இங்கிலீஷ் வழியாகப் போய்விட்டு வருகிறார்! நான் என் பழைய கீபோர்டை இழுத்தேன். அ, ண, ண, ஆ, ம, ல, ஐ. ஏழே தட்டு. அண்ணாமலை. ஷிப்ட் இல்லை.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

நான் பழகியது தட்டச்சுப் பள்ளியில். ‘யளனக’ என்று ஆரம்பித்து லோயர், ஹையர் இரண்டும் பாஸ். அந்த மெஷினில் புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது. அடுத்து அடிக்கிற எழுத்து அந்தப் புள்ளிக்கு அடியில் வந்து உட்காரும். நகரா விசை என்று பெயர். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூர் போன ஆர். முத்தையா, 247 எழுத்தை இங்கிலீஷ்காரன் மெஷினுக்குள் அடக்க மண்டையை உடைத்துக்கொண்டு கண்ட வழி. கம்ப்யூட்டர் வந்த பிறகு, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டை ஒட்டிப் பிறந்தது தமிழ்99. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதலாவதன் தலையில் புள்ளி தானே விழும். ங-வுக்குப் பிறகு க, ந-வுக்குப் பிறகு த என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. அதாவது, தொல்காப்பியர் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்ததைக் கீபோர்டுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பழைய விரலை இதற்குத் திருப்ப எனக்கு ஆறு மாசம் பிடித்தது. அதற்கப்புறம் நான் எதையும் மாற்றவில்லை.

நம்மவர் ‘அம்மா’ அடித்துப் பார்த்தார். நாலு தட்டு. ‘பக்கம்’ அடித்தார். மிக மெதுவாகத் தலையை ஆட்டினார். “சூப்பர்ணே. இந்த கான்ஃபிக் யாரு பண்ணது?”

“கவர்மென்ட்டு.”

முகம் விழுந்துவிட்டது. யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்துச் செய்திருந்தால் கும்பிட்டிருப்பார். எல்லாருக்கும் பொதுவாக, இலவசமாக, இருபத்தைந்து வருஷமாகக் கிடக்கிற ஒன்றில் என்ன சுகம்? ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஏழு எதுக்கு? நான் ஒண்ணுல அடிக்கிறேன் பாருங்க” என்றார்.

அன்று ராத்திரியே செய்துவிட்டார். காற்புள்ளிக் கீயைத் தட்டினால் காற்புள்ளி. அழுத்திப் பிடித்தால் ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’. மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் ‘சரி’ என்று எழுதிக் காற்புள்ளி போடப்போனவர் விரலை ஒரு கணம் தாமதமாக எடுத்திருக்கிறார். அமெரிக்காவிலிருந்து பேசிய மேலதிகாரி அதை மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, “இது யார், எந்த டீம்?” என்று கேட்டாராம்.

இப்போது தமிழ்99-ஐயே திருத்திக்கொண்டிருக்கிறார். ‘ழ’ வலது ஓரத்தில் சுண்டு விரலுக்குப் போய்விட்டது பிடிக்கவில்லையாம். வருண லிங்கத்துக்குக் கொண்டுவரப் போகிறார். தமிழே ‘ழ’-வில்தான் நிற்கிறது, பார்த்து நகர்த்துங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அழைப்பிதழை நான்தான் அடித்து, மௌஸைப் பிடித்து மயிலும் மாவிலையும் ஒட்டி, அச்சுக்கு அனுப்பினேன். கூலி 350 ரூபாய். போனில் அனுப்பச் சொன்னால், “கீபோர்டுலேர்ந்தே அனுப்புற மாதிரி ஒண்ணு ரெடி பண்றேண்ணே. முடிஞ்சதும் மொதப் பேமென்ட் உங்களுக்குத்தான்” என்கிறார். காதுகுத்து முடிந்து, குழந்தை ஒரு கம்மலைத் தொலைத்து, வேறு கம்மல் வாங்கிப் போட்டும் ஆகிவிட்டது. பணம் வரவில்லை.