கோபுரத்துக்குக் கொடுத்தவர்கள்

கோயிலைப் பழுது பார்க்க வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சபை கூடி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. எங்கள் சபை ஒருமனதாகச் செய்த கடைசிக் காரியம் அதுதான்.

சாத்தான்குளத்துக்கும் திசையன்விளைக்கும் நடுவில், தேரிக்காட்டை ஒட்டிய ஊர். ஊரில் இருப்பவர்களைவிட மும்பையிலும் சென்னையிலும் துபாயிலும் இருப்பவர்கள் அதிகம். பனையேறிய தாத்தாக்கள் எழுப்பிய வேதக்கோயில். முதலில் ஓலை, பிறகு ஓடு, அதற்கும் பிறகு மட்டப்பா. அந்த மட்டப்பாதான் ஒழுகியது. எங்கெங்கே ஒழுகும் என்று ஊருக்கே தெரியும். மழைக்காலத்தில் பாய் விரிப்பதே அதை அனுசரித்துத்தான். பிரசங்க பீடத்துக்கு நேர் மேலேயும் ஓர் ஒழுக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பிரசங்கம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் அடைக்கக் கூடாது என்று ஒரு கட்சி இன்றைக்கும் இருக்கிறது.

கட்டடக் கமிட்டியில் என்னையும் போட்டார்கள். எனக்குக் கணக்கும் வராது, கட்டடமும் தெரியாது. பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலை. அந்த நோட்டின் இடது பக்கத்தில் செய்ய வேண்டியவை இருக்கும்: மட்டப்பா, கரையான் தின்ற ஜன்னல்கள், தாத்தா காலத்து வயரிங், கழிப்பறை. வலது பக்கத்தில், மக்கள் தாமாக முன்வந்து தருவதாகச் சொன்னவை: கோபுரத்தை உயர்த்துவது, ரோட்டில் ஒரு வரவேற்பு வளைவு, கிரானைட் போட்ட பீடம், சரவிளக்கு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு வரிகூட இல்லை.

கோபுரத்தின் மேல் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இருக்கும் மோகத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் (எங்கள் பக்கத்தில் பாதிரியார் எல்லோரும் ஐயர்தான்) காலத்துக் கோபுரம் 192 அடி. பாளையங்கோட்டையில் 1826-ல் ரேனியஸ் ஐயர் கட்டிய கோயிலுக்கு ஊசிக்கோபுரம் என்றே பெயர். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவும் அதுதான் அடையாளம். இவற்றைப் பார்த்து வளர்ந்த சபையார் பனைமரத்தைவிடக் குள்ளமான கோபுரத்தின் கீழ் எப்படி நிம்மதியாக ஜெபிப்பார்கள்? போதாததற்கு, பக்கத்து ஊர்க்காரர்கள் போன வருஷம் தங்கள் கோபுரத்தை உயர்த்தி, உச்சிச் சிலுவையில் நீல விளக்கும் போட்டுவிட்டார்கள். ராத்திரி எங்கள் ஊர் மொட்டை மாடியில் படுத்தால் அந்த நீலம் கண்ணில் குத்தும். “ஒழுகுறது உள்ளே இருக்கிற நமக்கு மட்டுந்தானய்யா தெரியும். கோபுரம் குட்டையா இருக்கிறது பஸ்ஸுல போறவனுக்கெல்லாம் தெரியுதே!” என்றார் ஒரு பெரியப்பா. இதற்குப் பதில் சொல்ல சேகரத்து ஐயராலேயே முடியவில்லை.

வேலை எப்போது முடியும் என்று யாராவது கேட்டால் கமிட்டியிடம் ஒரு தயார் பதில் உண்டு. பக்கத்தில்தான் இடையன்குடி. அங்கே கால்டுவெல் ஐயர் 1847-ல் ஆரம்பித்த கோயில் 1880-ல்தான் பிரதிஷ்டை ஆயிற்று. “கால்டுவெல் ஐயருக்கே முப்பத்து மூணு வருஷம் ஆச்சு, நீங்க என்ன தம்பி அவசரப்படுதிய?” என்பார் செயலாளர். அந்த முப்பத்து மூன்று வருஷத்துக்குள் அவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் எழுதி அச்சேற்றிவிட்டார் என்பதை நான் நினைவூட்டுவதில்லை. எங்கள் கமிட்டியின் மொத்த இலக்கியம் என் கையிலிருக்கும் நோட்டுதான்.

பணம் வந்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அறுப்பின் பண்டிகை ஏலம். ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த பூசணிக்காய், வாழைத்தார், சேவல், கருப்பட்டிக் கொட்டான், முதல் ஈற்று முட்டை எல்லாம் பீடத்திலிருந்து வாசல் திண்ணைக்கு வரும். சந்தையில் ஐம்பது ரூபாய் பெறாத பூசணிக்காய், இரண்டு மைத்துனர்கள் முறைத்துக்கொண்டு நின்றால் மூவாயிரத்தைத் தாண்டும். ஏலம் விடுகிறவருக்கு ஊரின் குடும்பப் பகைகள் அத்தனையும் மனப்பாடமாக இருக்க வேண்டும்; குரல் வளம் அடுத்த தகுதி. “ரெண்டாயிரத்து ஐநூறு ஒரு தரம்... வடக்குத் தெரு அண்ணாச்சி தலையைக் குனிஞ்சுட்டாரு... ரெண்டு தரம்...” என்று இழுத்தால் போதும், அண்ணாச்சி நிமிர்ந்துவிடுவார். எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனால் கௌரவக் குறைச்சல். “திரும்ப ஏலத்துக்கு விடுங்க” என்று சொல்ல வேண்டும். இப்படி ஒரே சேவல் ஒரே மத்தியானத்தில் பல பேருக்குச் சொந்தமானது. கடைசியில் அதை வாங்கியவர் அறுக்க மனசு வராமல் வளர்க்கிறார். மட்டப்பாவில் கால்வாசி அந்தச் சேவல் போட்டது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வழி வேறு. தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது எங்கள் பாட்டிமார் காலத்துப் பழக்கம். வாரம் ஒருமுறை வீடு வீடாக அது சாக்கில் சேரும். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, யாரோ ஒரு மதினி வைராக்கியமாகப் போடும் பாசுமதி, எல்லாம் ஒரே சாக்கில். அந்த அரிசியை வடித்தால் பாதி குழையும், பாதி விதைபோல நிற்கும். வாங்குவது கோழி வளர்ப்பவர்கள்தான். இப்படிச் சேர்ந்த காசோடு முறுக்கு, அதிரசம் விற்ற காசையும் போட்டு, வயரிங் முழுவதையும் பெண்கள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கமிட்டியில் அவர்களில் ஒருவரும் இல்லை.

வெளிநாட்டுப் பணத்தில்தான் எங்களுக்குச் சட்டம் புரிந்தது. துபாயில் டிரைவராக இருக்கும் எங்கள் ஊர்த் தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறான். அவன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலம் அனுப்புவது உள்நாட்டுப் பணம் மாதிரியேதான். அவனுடைய அண்ணன் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டார். அவர் தரும் காணிக்கை வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு வேண்டும், பணம் டெல்லியில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் மெயின் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேரின் காணிக்கையில் ஒன்று சுதேசி, மற்றது விதேசி. அண்ணன்காரர் கோபித்துக்கொண்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினார். பிறகு, கமிட்டி என்ன செய்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராததால் திரும்பச் சேர்ந்தார். பணம் தர முடியாத குறையை அவர் யோசனைகளாகத் தந்து ஈடுகட்டுகிறார், எங்களுக்கு நள்ளிரவாக இருக்கும் நேரத்தில்.

அவர் சொன்னவற்றில் ஒன்று மட்டும் சரியான யோசனை: சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம். அதை யாரும் கேட்கவில்லை. பழைய சுவர் சுண்ணாம்புக் காரை. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து அரைத்துப் பூசியது. அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பெயிண்ட் ஊதும், பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். “சுண்ணாம்பு அரைக்க இப்போ ஆள் எங்க இருக்கான்? சிமெண்ட்டுனா நாளைக்கே மூட்டை இறங்கும்” என்றார் காண்ட்ராக்டர். இறங்கியது. அடுத்த மழைக்குத் தெற்குச் சுவரின் பூச்சு ஆராதனை நடுவே பொத்தென்று விழுந்தது, பிரசங்கம் நீதிமொழிகளில் இருந்தபோது. தாத்தா பூசிய காரை அடியில் அப்படியே இருந்தது.

அசனம் என்கிற பொது விருந்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊரில் எனக்குச் சோறு கிடையாது. அசனப் பண்டிகைக்கு யாரும் யாரிடமும் கை நீட்டுவதில்லை. அரிசி மூட்டை, தேங்காய், விறகு, ஆடு எல்லாம் தாமாகவே வந்து இறங்கும். அடுத்த ஊர் இந்துக் குடும்பங்களிலிருந்தும் நேர்ச்சையாக வரும். சாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு வருஷமும் குறைந்ததில்லை. மிஞ்சிய பணத்தை மட்டப்பாவுக்கு மாற்றலாமே என்று பொருளாளர் மெல்லச் சொன்னார். அன்றைய கூட்டக் குறிப்பில் ‘சலசலப்பு’ என்று எழுதினேன். உண்மையில் ஒரு நாற்காலி உடைந்தது.

ஆயிற்று. கோபுரம் உயர்ந்துவிட்டது, பக்கத்து ஊரைவிட ஓரடி கூடுதலாக. மட்டப்பா சேவல் புண்ணியத்தில் அடைபட்டது; பீடத்து ஒழுக்கைப் பற்றி விசாரித்தால் கொத்தனார் சிரிக்கிறார். கல்வெட்டில் கொடுத்தவர்களின் பெயர்களை எந்த வரிசையில் போடுவது, தொகைப்படியா, வயதுப்படியா, அகர வரிசையிலா என்று முடிவாகாமல் கல் கோணியில் சுற்றிக் கிடக்கிறது. அகர வரிசையை முன்மொழிந்தவர் பெயர் ‘அ’வில் தொடங்குவதால் அது தோற்றது.

கழிப்பறைக்குத்தான் இன்னும் ஆள் வரவில்லை. வெளியூரிலிருந்து பண்டிகைக்கு வரும் பெண்கள் இன்றைக்கும் யார் வீட்டுக் கதவையாவது தட்ட வேண்டியிருக்கிறது. கோபுரத்துக்குக் கொடுத்தவரின் பெயர் உச்சியில் இருக்கிறது. அதைப் படிக்கக் காக்கைக்குத்தான் வசதி. கழிப்பறைச் சுவரில் பெயர் இருந்தால் பண்டிகை நாளில் ஊரே வரிசையில் நின்று நிதானமாகப் படிக்கும். எங்கள் ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால் பொருளாளரைப் பார்க்கவும். ரசீது உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் நல்லது.