நலிந்ததற்குச் சான்று

சிங்காரப்பேட்டைப் பக்கம் பாரதக் கூத்து நடந்தால், விடிய விடியத் துரியோதனன்தான் ராஜா. அரிதாரம் கலைத்ததும் ராஜா தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கிறார், வருமானச் சான்று வாங்க. அரசு தரும் மாதம் 3,000 ரூபாய் உதவிக்கு 58 வயது தாண்டினால் மட்டும் போதாது. 'நலிந்த கலைஞர்' என்றும் நிரூபிக்க வேண்டும். (புஜக்கட்டையோடு போனால் யார் நம்புவார்கள்?)

நாடகத்தை அடக்க மட்டும் வெள்ளைக்காரன் 1876இலேயே சட்டம் போட்டுவிட்டான். சுதந்திரம் வந்தபின் சென்னை ராஜ்யமும் தன் பங்குக்கு 1954இல் ஒன்று போட்டது. அதை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது 2013இல். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் பிறந்ததோ 2007இல்தான். முதல் விலங்குக்கும் வாரியத்துக்கும் இடையே 131 வருஷம்.

பாண்டவர் வனவாசமே பன்னிரண்டு வருஷம்தான்.