வாலும் விட்டையும்

பறவை பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றெரிச்சல். அவர்களுடைய ஜீவன்கள் பட்டப்பகலில் மின்கம்பியில் வந்து உட்கார்ந்து, இடமும் வலமும் திரும்பிக் காட்டி, போதாக்குறைக்குக் குரலும் கொடுக்கின்றன. பாலூட்டிகளுக்கு இந்த நாகரிகமெல்லாம் கிடையாது. பெரும்பாலானவை இரவில்தான் நடமாடும். பகலில் தலைகாட்டுகிற சிலவும் நம்மைப் பார்த்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு புதருக்குள் போய்விடும். ஆனால் பாலூட்டிக் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிறுத்திவைத்த மாதிரி ஒவ்வொன்றும் முழுசாக, நல்ல வெளிச்சத்தில், அசையாமல் நிற்கும். என் காட்டு அனுபவத்தை வைத்து ஒரு கையேடு போட்டால் அதில் முழுக்கப் பின்புறங்கள்தான் இருக்கும். அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் என்றும் சொல்வேன்.

ஆகவே கடையில் கையேடு வாங்கும்போது அட்டைப்படப் புலியைப் பார்த்து மயங்காதீர்கள். புலியை அடையாளம் காண யாருக்கும் புத்தகம் தேவையில்லை. நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். காலடித் தடம், புழுக்கை, விட்டை, மரத்தில் நகக்கீறல் இவையெல்லாம் படத்தோடு இருந்தால் காசைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அது வீட்டுக் கூடத்தில் விருந்தாளிகளுக்குக் காட்டுகிற புத்தகம்.

என் சித்தப்பாவுக்கு இது சம்மதமில்லை. அவருக்கு எஸ். எச். பிரேட்டர் போதும். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1948இல் வெளியிட்ட பிரேட்டரின் இந்திய விலங்குகள் நூல், படிக்கப் படிக்கச் சுகமானது, மறுக்கவில்லை. படுத்துக்கொண்டு படிக்க அதற்கு ஈடே இல்லை. ஆனால் புதருக்குள் ஒரு வால் மறைந்துகொண்டிருக்கும்போது கைகொடுப்பது விவேக் மேனனின் வண்ணப்படக் கையேடு மாதிரி பைக்குள் அடங்குகிற ஒன்றுதான். ஏ. ஜே. டி. ஜான்சிங்கும் நீமா மஞ்ச்ரேக்கரும் தொகுத்த தெற்காசியப் பாலூட்டிகள் இரண்டு பெரிய தொகுதி. விஷய கனம் உள்ள நூல், சாதாரண கனமும் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் யானை துரத்தினால் முதல் தொகுதியைப் போடுவதா, இரண்டாவதைப் போடுவதா என்று தர்மசங்கடமாகிவிடும்.

வாங்கி வந்த பிறகுதான் அடுத்த அதிர்ச்சி. இந்தியாவில் பாலூட்டி இனங்கள் 400க்கும் மேல். யானை, கரடி, கடமான் என்று நாம் மனசுக்குள் ஒரு ஊர்வலம் விட்டிருப்போம். எண்ணிப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் வௌவாலும் எலியும் அணிலும் மூஞ்சூறும். வௌவால் மட்டுமே 120 இனங்களைத் தாண்டும். அவற்றை வேறுபடுத்துவதற்கு ஆசிரியர்கள் தரும் குறிப்புகளைப் படித்தால் கண்ணீர் வரும். சிறு வௌவால்கள் சிலவற்றில் மேல்தாடையின் குட்டிப் பல் வரிசைக்குள் இருக்கிறதா, உள்பக்கம் தள்ளியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில எலிகளுக்கு முலைக்காம்பை எண்ண வேண்டும். அந்தி நேரத்தில் தலைக்கு மேல் சர்ரென்று போகிற ஒன்றை மறித்து, ‘கொஞ்சம் ஆ காட்டு’ என்று எப்படிக் கேட்பது?

இந்தக் குறிப்புகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. மும்பைக் கழகம் 1911இல் பாலூட்டிக் கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கியது. ஆட்கள் ஊர் ஊராகப் போய் விலங்குகளைச் சுட்டும் பொறி வைத்தும் பிடித்தார்கள். தோலும் மண்டையோடும் அருங்காட்சியகத்துக்குப் போயின. மேசைமேல் கிடக்கிற மண்டையோட்டில் பல்லை நிதானமாக எண்ணலாம். ஓடியும் போகாது. அந்த மேசையில் எழுதிய அடையாளங்களை நாம் புதரோரம் நின்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

படத்தைவிட நான் நம்புவது ஓரத்தில் தபால்தலை அளவில் போட்டிருக்கும் வரைபடத்தை. எந்த விலங்கு எங்கே வாழ்கிறது என்று அதில் நிறம் தீட்டியிருக்கும். வால்பாறைப் பக்கம் ஒரு மரத்தின் உச்சாணிக் கிளையில் செம்பழுப்பாக, அடர்ந்த வாலோடு ஏதோ படுத்திருந்ததைப் பார்த்த சித்தப்பா, “கண்ணு, செங்கரடிப்பூனை! டிவில பார்த்திருக்கறேன்” என்றார். சிவப்புப் பாண்டா என்று அவர் சொல்ல வந்தது புரிந்தது. வரைபடத்தைக் காட்டினேன். நிறம் முழுக்க இமயமலைப் பக்கம் இருந்தது. “அத்தனை தூரம் வந்ததுனாலதான் களைச்சுப் படுத்திருக்குது” என்றார். அதற்குள் அது எழுந்து, தான் மலையணில் என்று காட்டும்படி அடுத்த மரத்துக்குத் தாவியது. வாலோடு சேர்த்து மூன்றடி வரை வளரும் அணில் என்பதால் சித்தப்பாவையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது.

அணில் என்றதும் ஒன்று. நம் வீட்டு முருங்கையில் ஓடுவதற்கு முதுகில் மூன்று கோடு. ராமர் மூன்று விரலால் தடவிக் கொடுத்ததாக நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். வட இந்தியத் தோட்டங்களில் ஓடுவது வேறு இனம், அதற்கு ஐந்து கோடு. அயோத்திக்குப் பக்கம் என்பதால் முழுக் கையாலும் தடவியிருப்பார் போலிருக்கிறது. கையேட்டில் இதற்கு விளக்கம் இல்லை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வரையாடு அந்தச் சாலையோரச் சுவர்மேல் வந்து தானாகவே நிற்கும். அந்த ஒரு விலங்கு மட்டும் கையேட்டைப் படித்திருக்கிறது. கீரிதான் உயிரை வாங்கும். தமிழ்நாட்டில் நான்கு வகை உண்டு. வால் நுனி கறுப்பாக இருந்து, வாலை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு போனால் செங்கீரி. நுனி வெளுத்திருந்தால் நாட்டுக்கீரி. கழுத்தோரம் கறுப்புக் கோடு இருந்தால் கழுத்துவரிக் கீரி. உடம்பு முழுக்க ஒரே அடர்பழுப்பு என்றால் பழுப்புக் கீரி. கீரி சாலையைக் கடக்க எடுத்துக்கொள்கிற நேரமோ ஒரு தும்மல் நேரம். அதற்குள் முன்சீட்டில் இருக்கிற நான் கழுத்தையும், பின்சீட்டில் இருக்கிற என் மனைவி வாலையும் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குள் ஏற்பாடு. அன்று நான் “கோடு இல்லை” என்றேன். அவள் “நுனி கறுப்பு” என்றாள். “வலமிருந்து இடம் போச்சு, அதை எழுதிக்க” என்றார் சித்தப்பா. அவருக்குச் சகுனம் முக்கியம்.

ஆகக்கடைசியில் விட்டை. விட்டை ஓடாது. பகல் இரவு பார்க்காது. நீர்நாயுடையதில் மீன்செதிலும் நண்டு ஓடும் இருக்கும். கழுதைப்புலியுடையது, தின்ற எலும்பின் சுண்ணாம்பால் காய்ந்ததும் வெளுத்துவிடும். தடங்களும் அப்படித்தான், அவசரப்படுத்தாது. நாய் இனத்துக்கு நகம் பதியும், பூனை இனத்துக்குப் பதியாது. நடக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். (சிவிங்கிப்புலி விதிவிலக்கு. அதற்கு நீங்கள் மத்தியப் பிரதேசம் குனோ வரை போக வேண்டும்.) இந்த ஒரு விதியால் சித்தப்பா தேயிலைத் தோட்டத்தில் கண்டுபிடித்த சிறுத்தைகள் பலவும் தோட்டத்து நாய்களாகிவிட்டன. அவர் ஏற்கவில்லை. “இது நகம் வெட்டாத சிறுத்தை, கண்ணு.”

கையேடு மிக நன்றாக உழைத்தது பொள்ளாச்சியில், எங்கள் ஓட்டு வீட்டில். நடுராத்திரியில் மச்சின்மேல் யாரோ நடக்கிற சத்தம். என் மாமியார் அது இன்னார்தான் என்று, செத்துப்போன ஒரு தூரத்து உறவினரின் பெயரையே சொல்லிவிட்டார். உயிரோடு இருந்தபோதும் அவர் வேளை கெட்ட வேளையில்தான் வருவாராம். நான் ஏணி வைத்து ஏறி டார்ச் அடித்தேன். விட்டத்தின்மேல் குவியலாக எச்சம், அதில் பப்பாளி விதையும் சப்போட்டா விதையும் முழுசு முழுசாக. கடைசிப் பக்கங்களைத் திறந்தேன். மரநாய். பழம் தின்று விதையை அப்படியே கழிப்பது, ஊருக்குள் வீட்டுக் கூரையில் குடியேறுவது எல்லாமே பொருந்தின.

கீழே இறங்கி வந்து சொன்னேன். மாமியாருக்கு ஏமாற்றம்.

“சரி மாப்பிள்ளை, எப்படி ஓட்டறதுன்னு அந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்களா?”

“அதெல்லாம் போட மாட்டாங்க அத்தை. பிடிச்சாலும் அடிச்சாலும் குத்தம். 1972லயே சட்டம் வந்திருச்சு.”

“பேயா இருந்திருந்தா ஒரு எலுமிச்சம்பழத்தோட போயிருக்கும்” என்றார் அவர்.